ஓடும், சரி; நிற்குமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாம் காப்பியை முடித்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்த சமயம், நமது பழைய நண்பர் ஒருவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "உடனே புறப்படுங்கள். நம் வீட்டில் வட்ட மேஜை மகாநாடு கூடியிருக்கிறது. கட்சிகள் நான்கு இருக்கின்றன, மத்தியஸ்தர்தான் இல்லை" என்றார்.

விஷயம் இதுதான். நண்பருடைய சிரஞ்சீவிக்கு வயது இருபத்தாறு. கிண்டியில் உத்தியோகம். மூன்று வருஷமாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க உத்தேசித்திருந்தான். சாதாரண மோட்டார் சைக்கிள் அல்ல. இரட்டை சிலிண்டர் பொருத்திய பந்தய ஜாதி வண்டி. புதிது வாங்கப் பணம் போதாது. ஆகையால் பிறர் ஓட்டிய வண்டிகளில் ஒன்றை வாங்கிக் கொள்வது என்று தீர்மானித்திருந்தான். தகப்பனார் செலவை ஆட்சேபித்தார். தாயார் வேகத்தை ஆட்சேபித்தார். பாட்டி கறுப்பு நிறத்தை மட்டும் ஆட்சேபித்தாள், "சனீசுவரனுடைய வர்ணத்தில் வாகனம் எதற்கு?" என்பது அவளுடைய கட்சி. பையனோ மூன்று வண்டிகளில் எதை வாங்குவது என்று தெரியாமல் தன்னைத் தானே ஆட்சேபித்துக் கொண்டிருந்தான்.

இத்தகைய மகாநாடு இன்று இல்லாவிட்டால் நாளை நேயர்களின் வீட்டிலும் கூடக்கூடும். ஆகையால் அங்கே நாம் கேட்டதையும் கற்றதையும் சற்று விவரமாகவே எழுதத் துணிகிறோம்.

முதலில், இரட்டை சிலிண்டர் என்றால் என்ன என்று பாட்டி கேட்டாள். "ஒருத்தி தனியாக நின்று நெல் குத்துவதுபோல் ஒற்றை சிலிண்டர், இரண்டு பேர் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவது போல் இரட்டை சிலிண்டர்" என்று சொன்னோம். பாட்டிக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரே பளுவை இருவர் பங்கிட்டுக் கொள்வதால் ஒவ்வோர் உலக்கையும் சிறியதாக இருக்கலாம்; சிறியதாக இருப்பதால் விரைவாக ஏறி இறங்கலாம். இரட்டை சிலிண்டரின் தத்துவம் இவ்வளவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்புறம் இரண்டு புகைக்குழாய்கள் இருப்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. மைசூரில் தயாரான பழைய ஜாவா, யெஸ்டி 250 சி.சி. வண்டிகளில் குழாய் இரண்டு, சிலிண்டர் ஒன்றுதான். நம் நாட்டுச் சாலைகளில் பெயர் வாங்கிய இரட்டை சிலிண்டர் வண்டி, 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் யமஹாவின் துணையுடன் வெளியிட்ட ராஜ்தூத் 350 ஆகும். முதலில் வந்த ரகத்தில் 30.5 குதிரைச் சக்தி இருந்தது. அக்காலத்தில் அது அசாத்திய வேகம். ஆனால் ஜப்பானிய வண்டியின் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்திருந்தவர்கள், இங்கே டிரம் பிரேக்கையே வைத்தார்கள். ஓடுவதற்குக் கொடுத்த கவனத்தை நிற்பதற்குக் கொடுக்கவில்லை. இந்த வாக்கியத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளவேண்டும். பின்னால் மறுபடியும் இதனிடம் வருவோம்.

இரட்டை சிலிண்டர் வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி சத்தமிடுவதில்லை. அதற்குக் காரணம் தாளம். நாலு அடி இயந்திரத்தில், இருசு இரண்டு முறை சுற்றி முடிப்பதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை வெடிக்கிறது. அந்த இரண்டு சுற்றை ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களாகப் பாவித்துக் கொள்ளலாம். 1937-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் டர்னர் என்னும் நிபுணர் வகுத்த டிரையம்ப் 'ஸ்பீட் ட்வின்' வண்டியில் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்கும். வெடிப்பு நான்கும் நான்குமாகச் சமமாக விழும். ஒரு பிஸ்டன் ஏற, மற்றொன்று இறங்குமாறு அமைத்தால், அடி இரண்டும் ஆறுமாக விழும். இத்தகைய இயந்திரம் உச்சஸ்தாயியில் சுற்றுவதற்கு ஏற்றது. ஒன்றைக் காட்டிலும் மற்றொன்று முக்கால் சுற்றுப் பின்தங்கி வரும்படி அமைத்தால், மூன்றும் ஐந்துமாக விழும். அதுதான் அந்தக் கம்பீரமான, நொண்டுவது போன்ற நடை. வாலிபர்கள் மனத்தைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் ஐந்துக்கும்தான்.

பையன் மனத்தில் இருந்த மூன்று வண்டிகளுக்கு இப்போது வருவோம்.

முதலாவது, யமஹா ஆர் 3. 321 சி.சி.; 42 குதிரைச் சக்தி; எடை 169 கிலோ. 2015-ல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டாவது, கவாஸாகி நிஞ்ஜா 300. 296 சி.சி.; 39 குதிரைச் சக்தி; பெட்ரோல் உட்பட 179 கிலோ. 2013-ல் இங்கே விற்பனைக்கு வந்தது. இவை இரண்டும் இரண்டும் ஆறும் ஆன தாளத்தைச் சேர்ந்தவை. காற்றைக் கிழிக்கும் மூடியுடன் அம்புபோல் அமைந்தவை. மூன்றாவது, ராயல் என்பீல்டு கான்டினென்டல் ஜி.டி. 650. 648 சி.சி.; சுமார் 47 குதிரைச் சக்தி; பெட்ரோல் இல்லாமலே 198 கிலோ. இதன் தாளம் மூன்றும் ஐந்தும்.

இந்த மூன்றாவது வண்டியைப் பற்றிப் பேசும்போது நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டாவதை மறைக்க விரும்பவில்லை. ராயல் என்பீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் வளர்ந்த பெயர். 1955-ல் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் அதனுடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பித்தது. திருவொற்றியூரில் புல்லட் வண்டி தயாராயிற்று. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே பிறந்த 'இண்டர்செப்டர்' என்னும் இரட்டை சிலிண்டர் வண்டியும் 1970-ல் மறைந்தது. தாய் வீடு இடிந்த பிறகும் திருவொற்றியூரில் அடுப்பு அணையவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2018 நவம்பரில், இண்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜி.டி. 650 என்னும் இரண்டு இரட்டை சிலிண்டர் வண்டிகள் சென்னைப் பிராந்தியத்திலிருந்து புறப்பட்டு இங்கிலாந்து உட்பட உலகமெங்கும் சென்றன. முன்னது ரூ. 2.50 லட்சம், பின்னது ரூ. 2.65 லட்சம் என்று அப்போது விலை வைத்தார்கள்.

ஆனால் பெருமை வேறு, பழைய வண்டி வாங்குவது வேறு. பெருமையைக் கண்ணில் ஒற்றிக் கொள்ளலாம். ஏறி உட்கார்ந்து அலுவலகம் போகமுடியாது.

மூன்று வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் குதிரைச் சக்தியில் இல்லை. அந்தச் சக்தி எங்கே குடியிருக்கிறது என்பதில் இருக்கிறது. நிஞ்ஜாவின் முழு இழுவையும் நிமிஷத்துக்கு 10,000 சுற்றில்தான் வெளிப்படுகிறது. அதுவும் 27 நியூட்டன் மீட்டர்தான். ஆர் 3-க்கு 9,000 சுற்றில் 29.6. என்பீல்டு வண்டியோ சுமார் 5,250 சுற்றிலேயே 52 நியூட்டன் மீட்டர் கொடுத்துவிடும். முன்னவை இரண்டும் கச்சேரியின் பிற்பகுதியில்தான் களைகட்டும் வித்வான்கள் போல. பின்னது முதல் கீர்த்தனத்திலேயே சபையைக் கட்டிவிடும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஏலகிரி மலைப்பாதையில் போகிறவர்களுக்கு என்பீல்டு சுகம். தனியாகப் போகும் இலேசான தேகிகளுக்கு மற்றவை சுகம்.

பையன் இவ்வளவையும் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தான். அவன் மனம் 2016-ஆம் வருஷத்திய ஆர் 3 ஒன்றில் லயித்திருந்தது. மூன்றிலும் அதுதான் விலை குறைவு. அதுதான் வேகம் அதிகம் என்பது அவன் கணக்கு. தகப்பனார் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். நாம் பார்த்தோம். அதுவரையில் பேசாமல் கறிகாய் நறுக்கிக் கொண்டிருந்த தாயார் தலை நிமிர்ந்தார்.

"எத்தனை வேகம் ஓடும், எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்றுதானே எல்லாரும் எழுதி வைத்திருக்கிறீர்கள்? குறுக்கே ஒரு குழந்தை வந்தால் நிற்குமா? அதற்கு இந்தக் காகிதத்தில் கட்டமே இல்லையே!" என்றார்.

மகாநாட்டில் ஒரு நிமிஷம் நிசப்தம் நிலவியது. வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்: மத்தியஸ்தராகிய நமக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

திடீரென்று பிரேக்கை அழுத்தினால், மணலிலோ மழை நீரிலோ சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கிச் செல்லும். வழுக்கும் முன் சக்கரத்தைத் திருப்பவும் முடியாது, நிமிர்த்தவும் முடியாது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் தறுவாயில் பிரேக்கைக் கணப்பொழுதில் தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கும் சாதனத்துக்கு ஏ.பி.எஸ். என்று பெயர். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இந்தியாவில் இது கட்டாயமானது, புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையிலிருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும்தான். ஆகவே அதற்கு முந்திய பழைய வண்டிகளில் இது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தியாவில் விற்ற ஆர் 3-க்கும் நிஞ்ஜா 300-க்கும் 2018-ல்தான் ஏ.பி.எஸ். வந்தது. என்பீல்டு 650 வண்டிகளில் முதல் நாளிலிருந்தே உண்டு. பையன் ஆசை வைத்திருந்த 2016 வண்டியில் இல்லை. அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, தன் பேனாவினாலேயே அந்த வரியை அடித்துவிட்டான். அந்தக் கணத்திலேயே பையன்மீது நமக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு வண்டி பார்க்கும் படலம். தாயாரும் உடன் வருவதாகச் சொல்லிவிட்டார். கையில் ஒரு சிறு கூஜாவில் தண்ணீர். தாகத்துக்கு என்று நினைத்தோம்.

முதலில் பார்த்த வண்டியின் கம்பெனி எது என்பது முக்கியமல்ல, தவறு கம்பெனியுடையதல்ல. வண்டி பளபளவென்று மின்னியது. விற்பவர் எங்களைக் கண்டதும் பொத்தானை அமுக்கினார், உடனே உறுமியது. நாம் இயந்திரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனோம். சுட்டது. "எங்கேயாவது போய்விட்டு வந்தீர்களா?" என்று கேட்டோம். "இல்லையே, காலையிலிருந்து இங்கேயேதான் நிற்கிறது" என்றார். எங்கும் போகாத வண்டிக்கு ஜுரம் எப்படி வந்தது? "நாளைக் காலை வருகிறோம், நாங்கள் வரும் வரையில் கிளப்பாமல் வைத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் வண்டி குளிர்ந்திருந்தது. கிளப்பி ஒரு நிமிஷம் ஆனதும், தாயார் கூஜாவைத் திறந்து, தோசைக் கல்லில் தெளிப்பதுபோல் இரண்டு புகைக்குழாய்களின் அடியிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். ஒரு குழாயில் 'சுர்' என்று பொரிந்தது. மற்றொன்றில் தண்ணீர் சாவதானமாக வழிந்து கீழே சொட்டியது. ஒரு சிலிண்டர் வேலை செய்ய, மற்றொன்று சூடேறும் வரையில் தூங்கிக் கொண்டிருந்தது என்பதே இதன் அர்த்தம். முதல் நாள் நமக்காக அதை எழுப்பி, முகம் கழுவி, நிறுத்தி வைத்திருந்தார்கள்! இரட்டை சிலிண்டரில் உள்ள சூட்சுமம் இது. ஒற்றை சிலிண்டர் படுத்தால் வண்டியே படுத்துவிடும். இரண்டில் ஒன்று சோம்பினாலோ, மற்றொன்று அதையும் சுமந்து கொண்டு ஓடும். அந்தச் சோம்பல் வெளியே தெரியாது. சில குடும்பங்களிலும் இப்படி உண்டு.

தாயாரின் பரீட்சையுடன், நாம் கற்றுக்கொண்ட மற்றப் பரீட்சைகளையும் சேர்த்துச் சொல்லுகிறோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் என்று பொருள். பட்டன் தேயாதிருந்தாலும், கெட்டியாகிவிட்ட கிழட்டு டயர் மழையில் கைவிடும். பிரேக் தகட்டில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும்; அளந்து பார்க்கவேண்டும். பிரேக் திரவம் இளந்தேன் நிறத்தில் இருக்கவேண்டும். கஷாயம் போல் இருந்தால் வண்டிக்காரர் வருஷக்கணக்கில் அதைக் கவனிக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, வண்டி சற்று நகர்ந்ததும் அணையவேண்டும். அணையாவிட்டால் கோளாறு, முதலிலேயே எரியாவிட்டால் அதைவிடப் பெரிய கோளாறு, ஏனெனில் யாரோ அதன் வாயை அடைத்திருக்கக்கூடும். ஹாண்டில்பாரின் இரு நுனிகளும், கிளட்ச் பிடியின் நுனியும், கால் வைக்கும் கட்டையின் நுனியும் தேய்ந்திருந்தால் வண்டி தரையை முத்தமிட்டிருக்கிறது. பந்தய ஜாதி வண்டிகளுக்கு இது சகஜம். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் துடைத்துப் பார்க்கவேண்டும்.

இனிக் காகிதங்கள். வண்டியில் பொறித்த இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவற்றுடன் ஒத்திருக்க வேண்டும். கடன் பேரில் வாங்கிய வண்டியானால் பாங்கியின் சம்மதக் கடிதமும் 35-ஆம் நமூனாவும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் நமூனாக்கள். பிற மாகாணத்து வண்டியானால் 28-ஆம் நமூனாவும், இங்கே கட்டவேண்டிய சாலை வரியும் சேரும். 'மலிவு' என்று வடக்கேயிருந்து வரும் வண்டிகளின் மலிவு இந்த இடத்தில்தான் கரையும். விற்பவருக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாறும் வரையில் விபத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரையே சாரும் என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட வெற்று நமூனாவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது தகாது. இன்ஷூரன்ஸ் செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2022-ல் நிர்ணயித்தபடி, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 150 சி.சி.க்கு மேல் 350 சி.சி. வரையில் வருஷத்துக்கு ரூ. 1,366, அதற்கு மேல் ரூ. 2,804. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 40 சதவிகிதம், குறைந்தவற்றுக்கு 18. புது வண்டியின் விலை ஏறினால் பழைய வண்டிக்காரரும் மீசையை முறுக்குவார் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின: 2019-ஆம் வருஷத்திய ஜி.டி. 650 ஒன்று, அதே வருஷத்திய நிஞ்ஜா 300 ஒன்று. இரண்டிலும் ஏ.பி.எஸ். உண்டு. இரண்டும் தண்ணீர்ப் பரீட்சையில் தேறின. நமது அந்தரங்க ஆசை சென்னை வண்டியின் பக்கம் சாய்ந்திருந்தது. பையனுடைய காதும் அந்தத் தாளத்துக்கே மயங்கியது. ஆனால் அவன் ஒல்லியான தேகம், ஐம்பத்தைந்து கிலோ. தினந்தோறும் போவது கிண்டி நெரிசலில். நண்பர் வீட்டு வாசலிலோ செங்குத்தான சறுக்கு. "ஓட்டிக் காட்டவேண்டாம், தள்ளிக் காட்டு" என்றோம். நிஞ்ஜாவைத் தள்ளி ஏற்றிவிட்டான். ஜி.டி.யைப் பாதியில் நாம் மூவரும் சேர்ந்து பிடிக்க வேண்டியதாயிற்று.

நிஞ்ஜாவின் சொந்தக்காரர் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார். எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினார், எத்தனையாவது கிலோமீட்டரில் வால்வு இடைவெளி பார்த்தார், செயின் எப்போது புதிதாகப் போட்டார் என்பதெல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. பழைய வண்டி வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது முந்திய சொந்தக்காரருடைய பழக்க வழக்கங்களைத்தான். அந்த நோட்டுப் புத்தகத்துக்கே பத்தாயிரம் ரூபாய் அதிகம் கொடுக்கலாம் என்று நண்பரே சொல்லிவிட்டார்! செலவுக் கட்சி அன்றே கலைந்துவிட்டது.

ஆயினும் இது எல்லோருக்கும் பொருந்தும் தீர்ப்பல்ல. பையன் காரைக்குடியிலோ கோவில்பட்டியிலோ இருந்திருந்தால் ஜி.டி.யையே சிபாரிசு செய்திருப்போம். என்பீல்டுக்குச் சிற்றூர்களிலும் பழுது பார்க்கும் இடம் உண்டு. நிஞ்ஜாவுக்குப் பெரிய நகரங்களை நாடவேண்டும். தேகம் பெருத்தவருக்கும், துணையோடு தூரம் போகிறவருக்கும் பெரிய வண்டியே உசிதம். ஊரையும் உடம்பையும் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். பிரேக்கையும் நோட்டுப் புத்தகத்தையும் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நமது சாலைகளுக்கு வேண்டியதைக் காட்டிலும் அதிகமான வேகம் மூன்றிலும் இருக்கிறது.

பேரம் பேசியதில் மிஞ்சிய தொகையைக் கொண்டு, தாயாரின் நிபந்தனைப்படி, இரண்டு டயர்களும் புதிதாக மாற்றப்பட்டன. ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட தலைக்கவசங்கள் இரண்டு வாங்கப்பட்டன. ஒன்று பையனுக்கு, மற்றொன்று யாருக்கு என்று தாயார் சொல்லவில்லை. கபாலீசுவரர் கோயிலுக்கு ஆட்டோவில் அதிகம் கேட்கிறார்கள் என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று பாட்டியை வாசலுக்கு அழைத்து வந்தார்கள். வண்டியின் நிறம் நல்ல கிளிப் பச்சை. பாட்டி கண்ணைச் சுருக்கிக் கொண்டு பார்த்தாள். "மீனாட்சி அம்மன் கையிலிருக்கும் கிளி மாதிரி இருக்கிறது. இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்" என்றாள். ஆக, மகாநாடு ஏகமனதாகக் கலைந்தது.